தலைமுடியின் நிறம் சாட்சியான வாரம்: அயர்லாந்தின் குழந்தைகள் குறைதீர்ப்பாளர் விசாரித்த ஒரு நிகழ்வு

2013 அக்டோபர் 21, திங்கட்கிழமை. டப்ளினை ஒட்டிய டாலா பகுதியில் ஒரு ரோமா குடும்பத்தின் வீட்டுக்குக் காவல்துறையினர் வந்தார்கள். ரோமா என்பவர்கள் ஐரோப்பா முழுக்கப் பரவி வாழும் ஒரு சிறுபான்மை இனத்தவர். அயர்லாந்தில் காவல்துறைக்கு கார்டா என்று பெயர். அந்த வீட்டில் இருந்த 7 வயதுச் சிறுமிக்குப் பொன்னிற முடி, நீலக் கண்கள். பெற்றோருக்கோ கருமுடி. பெற்றோர் கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினார்கள். எந்த மருத்துவமனையில் பிறந்தாள் என்றும் சொன்னார்கள். அதெல்லாம் போதவில்லை. அன்றே சிறுமியைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அரசுப் பராமரிப்புக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் நாட்டின் நடுப்பகுதியில் உள்ள அத்லோன் நகரில் இன்னொரு ரோமா குடும்பம். இங்கே 2 வயதுப் பையன், அவனுக்கும் வெளிர் நிற முடி. அவனையும் தூக்கிப்போனார்கள்.

இரண்டு குழந்தைகளும் தங்கள் சொந்தப் பெற்றோரிடம்தான் இருந்திருக்கிறார்கள். பையன் ஒரு இரவும் சிறுமி இரண்டு இரவும் வீட்டை விட்டுப் பிரிந்திருந்த பிறகு, 23ஆம் தேதி இருவரும் திரும்பி வந்தார்கள். சிறுமியின் விஷயத்தில் மரபணுச் சோதனை முடிவு வந்த பிறகுதான் அரசு நம்பியது.

விசாரணை அறிக்கை இவர்களைச் சிறுமி டி, சிறுவன் ஏ என்றே குறிப்பிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன். அவர்களுடைய பெயர்கள் அந்த வாரத்திலேயே போதுமான அளவு அலைக்கழிக்கப்பட்டுவிட்டன.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்க, குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு சுதந்திரமான குறைதீர்ப்பாளர் எதற்கு, அதான் நீதிமன்றம் இருக்கிறது, குழந்தைகள் நலத் துறை இருக்கிறது என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நேர்மையான கேள்விதான். ஆனால் இந்த நிகழ்வில் குழந்தைகளைப் பிரித்ததே அவர்களைக் காக்க வேண்டிய அமைப்புகள்தான். அதுவும் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே. அப்படி ஒரு நேரத்தில் அந்தக் குழந்தையின் பக்கம் நின்று கேள்வி கேட்பது யார் என்பதுதான் இங்கே விஷயம்.

கிரேக்கத்தில் தொடங்கியது

அதே மாதம் 16ஆம் தேதி கிரேக்கத்தின் ஃபார்சாலா ஊர் அருகே ஒரு ரோமா குடியிருப்பில் பொன்னிற முடி கொண்ட சிறுமி ஒருத்தியைக் காவல்துறை கண்டது. அவளை வளர்த்த தம்பதி அவளைப் பெற்றவர்கள் அல்ல என்று மரபணுச் சோதனை சொன்னது. 'மரியா' என்ற பெயரில் அவள் படம் உலகம் முழுக்கச் செய்தியானது. கடத்தப்பட்ட குழந்தை என்று பலரும் முடிவே கட்டிவிட்டார்கள். குழந்தைகளைத் திருடுகிறவர்கள் என்று ரோமா மக்கள் மீது ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழி, ஒரே வாரத்தில் புது உயிர் பெற்றது.

இந்தச் சூட்டில்தான் அயர்லாந்தில் ஒருவர், டாலாவில் ஒரு ரோமா வீட்டில் பொன்னிறக் குழந்தை இருப்பதாக ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளருக்கு ஃபேஸ்புக்கில் செய்தி அனுப்பினார். அந்தச் செய்தியாளர் அதைக் காவல்துறைக்கு அனுப்பிவைத்தார். தகவல் கொடுத்தவரைக் குறை சொல்வதில் பயனில்லை. குழந்தையைப் பற்றிக் கவலை வந்தால் யாரும் சொல்லத்தான் வேண்டும். தகவல் கைக்கு வந்த பிறகு அதை எடைபோட்ட விதம்தான் இந்த நிகழ்வின் மையம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டப்ளின் சிறுமி வீடு திரும்பி இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 25 அன்று, கிரேக்கச் சிறுமியைப் பெற்ற தாய் யார் என்பது உறுதியானது. அவர் பல்கேரியாவைச் சேர்ந்த ஒரு ரோமா பெண். அதாவது, ரோமா பெற்றோருக்குப் பொன்னிறக் குழந்தை பிறக்காது என்ற எண்ணத்தை ஊட்டிய அந்த முதல் செய்தியிலேயே அந்த எண்ணம் பொய் என்று ஆகிவிட்டது.

12ஆம் பிரிவு

இரண்டு குழந்தைகளையும் பிரிக்கக் காவல்துறை பயன்படுத்தியது 1991ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. பிடியாணை வேண்டாம், நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. குழந்தையின் உடல்நலத்துக்கோ நல்வாழ்வுக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் வேண்டும். நீதிமன்றத்தின் அவசர ஆணைக்காகக் காத்திருந்தால் குழந்தையைக் காப்பாற்ற முடியாது என்ற நிலையும் வேண்டும்.

நல்ல பிரிவுதான். குடித்துவிட்டு அடிக்கும் வீட்டிலிருந்து நள்ளிரவில் ஒரு குழந்தையை வெளியே கொண்டுவர இப்படி ஓர் அதிகாரம் இல்லாமல் முடியாது. அதனால்தான் இதைப் பயன்படுத்துவதில் அவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

டாலாவில் நடந்தது இது. கடவுச்சீட்டில் இருந்த படம் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது, அதை வைத்து ஒப்பிட முடியவில்லை. மருத்துவமனையில் கேட்டபோது, பெற்றோர் சொன்ன விவரத்துக்குப் பொருந்தும் பதிவு இல்லை என்று முதலில் பதில் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்து சந்தேகத்தைக் கூட்டின. சரி, சந்தேகம் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தச் சிறுமிக்கு அந்த நிமிடம் என்ன ஆபத்து? அவள் பசியோடு இருக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை. அன்றிரவு அவளை அந்த வீட்டில் விட்டுவைத்து மறுநாள் பதிவேடுகளை இன்னொரு முறை பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியை அன்று யாரும் வாய்விட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை.

கூடவே இன்னொரு காயமும் நடந்தது. அயர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு வழக்குகள் மூடிய அறையில்தான் நடக்கும், குழந்தையை அடையாளம் காட்டக் கூடாது. ஆனால் டாலா வீட்டில் நடந்தது மறுநாளே எல்லா ஊடகங்களிலும் வந்துவிட்டது. 7 வயதுக் குழந்தைக்கு வீடு திரும்புவது என்பது தெருவுக்கும் பள்ளிக்கும் திரும்புவதும்தான். அங்கே எல்லோருக்கும் ஏற்கனவே தெரிந்திருக்கிறது.

யார் விசாரிப்பது?

முதலில் நீதித்துறை அமைச்சர் ஆலன் ஷாட்டர் காவல்துறையிடமும், அப்போது குழந்தைகள் நலப் பணியைக் கவனித்துவந்த சுகாதாரச் சேவை நிர்வாகத்திடமும் அறிக்கை கேட்டார். வழக்கமான நடைமுறை அது. செய்தவரே, என்ன செய்தேன் என்று எழுதித் தருவார். அதில் பொய் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஆனால் உள் அறிக்கை 'விதிப்படி நடந்ததா' என்ற கேள்வியோடு பெரும்பாலும் நின்றுவிடும். விதி அந்தக் குழந்தையை எப்படித் தொட்டது என்று அது கேட்பது அரிது.

அதற்குப் பிறகு குழந்தைகள் குறைதீர்ப்பாளர் எமிலி லோகனிடம் ஒரு சிறப்பு விசாரணை ஒப்படைக்கப்பட்டது.

இந்தப் பதவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குறைதீர்ப்பாளரை ஆங்கிலத்தில் ஓம்புட்ஸ்மேன் என்பார்கள். அந்தச் சொல்லும் பதவியும் ஸ்வீடனிலிருந்து வந்தவை. 1809இல் அங்கே அரசு அலுவலர்களைக் கண்காணிக்க நாடாளுமன்றம் ஏற்படுத்திய பதவி அது. குழந்தைகளுக்கென்று தனியாகச் சட்டம் போட்டு முதலில் இந்தப் பதவியை உருவாக்கிய நாடு நார்வே, 1981இல். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை வருவதற்கு 8 ஆண்டுகள் முன்பே. முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் மால்ஃப்ரிட் ஃப்ளெக்கொய் என்ற உளவியலாளர். குழந்தைகளுக்கு வாக்கு இல்லை, சங்கம் இல்லை, வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லை. ஆகவே அவர்கள் சார்பில் அரசைக் கேட்க ஒரு நிரந்தர அலுவலகம் வேண்டும் என்பதே அடிப்படை எண்ணம். 1997இல் ஐரோப்பிய நாடுகளின் குழந்தைகள் குறைதீர்ப்பாளர்கள் கூடி ஒரு வலையமைப்பும் தொடங்கினார்கள். 2002இல் ஐ.நா. குழந்தை உரிமைக் குழு, இப்படிப்பட்ட சுதந்திர அமைப்பு ஒவ்வொரு நாட்டிலும் வேண்டும் என்று தன் 2ஆம் பொதுக் கருத்துரையில் தெளிவாகச் சொன்னது.

அயர்லாந்தில் இதற்கான சட்டம் 2002இல் வந்தது, அலுவலகம் 2004இல் செயல்படத் தொடங்கியது. முதல் குறைதீர்ப்பாளர் லோகன். செவிலியராகத் தொடங்கியவர். 18 வயதுக்குட்பட்ட எவரும் நேராகப் புகார் செய்யலாம், அவர் சார்பில் பெரியவர்களும் செய்யலாம், கட்டணம் இல்லை. குறைதீர்ப்பாளரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அமைச்சர் நினைத்தால் நீக்க முடியாது. குழந்தையின் நலனையும், வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப அதன் கருத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டமே அவரைக் கட்டுப்படுத்துகிறது. அவர் பரிந்துரை செய்யலாம், ஆணையிட முடியாது. பரிந்துரையை அலட்சியம் செய்தால் நாடாளுமன்றத்தின் முன் சிறப்பு அறிக்கை வைக்கலாம்.

பல் இல்லாத பதவி என்று இதைச் சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆணையிடும் அதிகாரம் வந்தால் எதிர்ப்பக்கம் வழக்கறிஞரோடு வரும், கோப்பு மூடிக்கொள்ளும். தண்டனை இல்லை என்று தெரிந்தால் மனிதர்கள் உள்ளதைச் சொல்ல முன்வருவார்கள். இந்தப் பதவியின் பலம் கோப்பைத் திறக்கவைப்பதிலும், திறந்ததை ஊரறியச் சொல்வதிலும் இருக்கிறது.

ஆனால் எந்தக் கோப்பைத் திறக்கலாம்? அங்கேதான் சிக்கல். பள்ளி, மருத்துவமனை, குழந்தைகள் நலப் பணி போன்றவை லோகனின் எல்லைக்குள் இருந்தன. காவல்துறை இல்லை. சிறுமி டியை வீட்டிலிருந்து தூக்கிய கைகள் காவல்துறையின் கைகள். அவளை வாங்கி வைத்துக்கொண்டது சுகாதாரச் சேவை நிர்வாகம். ஒரே குழந்தை, ஒரே மாலை. ஆனால் அந்த மாலையின் பாதியைத்தான் குறைதீர்ப்பாளர் தன் சொந்த அதிகாரத்தில் பார்க்க முடியும்.

இதைச் சரிசெய்ய, 2005ஆம் ஆண்டின் கார்டா சட்டத்தின் 42ஆம் பிரிவில் அமைச்சர் அவரைத் தனியாக நியமித்தார். காவல்துறை பற்றிய பொது அக்கறைக்குரிய விஷயத்தை விசாரிக்க எவரையும் நியமிக்க அந்தப் பிரிவு அப்போது அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. நியமிக்கப்பட்டவர் கேட்கும் ஆவணங்களையும் தகவல்களையும் கொடுத்தாக வேண்டியிருந்தது. ஆக லோகன் இரண்டு சாவிகளோடு உள்ளே போனார். சுகாதாரச் சேவை நிர்வாகத்துக்குத் தன் சொந்தச் சட்டம், காவல்துறைக்கு அமைச்சர் கொடுத்த நியமனம்.

அந்த இரண்டாவது சாவி இரவல் சாவி. அமைச்சர் கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஊடகங்கள் இவ்வளவு பேசியிருக்காவிட்டால் கொடுத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். சுதந்திரம் என்றால் அந்த நாற்காலியில் உட்காருபவர் தைரியசாலியாக இருப்பது என்றே நாம் நினைக்கிறோம். தைரியம் வேண்டும்தான். ஆனால் எந்தக் கதவை யாரையும் கேட்காமல் தட்டலாம் என்று சட்டத்தில் எழுதியிருப்பது அதைவிட முக்கியம். லோகனுக்கு இது நன்றாகத் தெரியும். சிறார்கள் அடைக்கப்பட்டிருந்த புனித பேட்ரிக் சிறை நிறுவனம் தன் எல்லைக்குள் வர வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் வாதாடினார். 2012இல்தான் அந்தக் கதவு திறந்தது. அதுவரை அங்கிருந்த பிள்ளைகள் இவரிடம் புகார் செய்ய முடியாது. ஒரு குழந்தை சட்டப்படி எங்கே அதிகம் கையற்று நிற்கிறதோ, அங்கேதான் இந்த விதிவிலக்குகள் வந்து உட்காருகின்றன. இது அயர்லாந்தில் மட்டும் உள்ள நிலை அல்ல.

அறிக்கை என்ன கண்டது

2014 ஜூலை 1 அன்று அறிக்கை வெளியானது. அதற்குள் ஷாட்டர் பதவி விலகியிருந்தார். அறிக்கையை வெளியிட்ட புதிய நீதித்துறை அமைச்சர் ஃப்ரான்ஸஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட், சம்பவம் நடந்தபோது குழந்தைகள் நல அமைச்சராக இருந்தவர்.

டாலா நிகழ்வில் லோகனின் முடிவு நேரடியானது. நியாயமான, புறவயமான காரணம் இல்லாமல், சிறுமியின் இனமே முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றிருந்தது, ஆகவே நடந்தது இன அடிப்படையில் சந்தேகித்து நடவடிக்கை எடுப்பது என்ற வரையறைக்குள் வருகிறது என்றார். அத்லோன் நிகழ்வில், கையில் இருந்த ஆதாரத்தை மிஞ்சி, சிறுவன் கடத்தப்பட்டிருக்கலாம் என்று நம்பத் தயாராக இருந்தார்கள், அந்தத் தயார்நிலையை அவன் குடும்பம் ரோமா என்பதிலிருந்து பிரிக்க முடியாது என்றார்.

இரண்டு முடிவுகளையும் அவர் ஒரே வாக்கியத்தில் அடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஊர்களில் இரண்டு குழுக்கள், தகவல் வந்த வழியும் வேறு. குழந்தைகள் பக்கம் நிற்கிறேன் என்பதற்காக எல்லாரையும் ஒரே குற்றக் கூண்டில் ஏற்றவில்லை. ஒவ்வொரு மணி நேரத்திலும் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, அந்த அறிவை வைத்து அந்த முடிவு நியாயமா என்று படிப்படியாகப் போனார். அந்த நிதானமே அறிக்கையைத் தள்ளிவிட முடியாததாக ஆக்கியது. கோபத்தில் எழுதிய அறிக்கையை அலுவலகங்கள் எளிதில் ஓரங்கட்டிவிடும்.

மரபணுச் சோதனையும் ஓர் உண்மையைச் சொன்னது, ஆனால் வேறு கேள்விக்கு. 'இந்தக் குழந்தை யாருடையது' என்பது அரசின் கேள்வி. அதற்கு 23ஆம் தேதியே விடை கிடைத்துவிட்டது, அதோடு கோப்பை மூடியிருக்கலாம். 'என்னை ஏன் கூட்டிப்போனார்கள்' என்பது குழந்தையின் கேள்வி. அதற்கு விடை தேட இன்னும் 8 மாதங்களுக்கு மேல் ஆனது. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை அயர்லாந்து 1992இல் ஏற்றது. பாகுபாடு கூடாது என்று 2ஆம் உறுப்பு, குடும்ப உறவு உள்ளிட்ட அடையாளத்தைக் காக்க வேண்டும் என்று 8ஆம் உறுப்பு, பெற்றோரிடமிருந்து வீணாகப் பிரிக்கக் கூடாது என்று 9ஆம் உறுப்பு, தனிவாழ்வைக் காக்க வேண்டும் என்று 16ஆம் உறுப்பு. இந்த நான்கும் இரண்டு இரவுகளில் ஒரே சிறுமிக்கு உடைந்தன. அன்றைக்கு யாரும் உடன்படிக்கையை மீற வேண்டும் என்று புறப்படவில்லை. ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்திருப்பார்கள். நல்லெண்ணத்தோடு வரும் பிழையை உள்ளிருந்து பார்ப்பவரால் கண்டுபிடிக்க முடிவதில்லை.

பரிந்துரைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது 12ஆம் பிரிவு எப்படிப் பயன்படுகிறது என்பதைத் தணிக்கை செய்யச் சொன்னது. இரண்டு குடும்பங்களின் கதையாக இருந்ததை நாடு முழுவதற்குமான கேள்வியாக ஆக்கியது அதுதான். வார நாட்களின் அலுவலக நேரத்துக்கு வெளியேயும் குழந்தைகள் நலப் பணியாளர்கள் கிடைக்க வேண்டும் என்றார். வீட்டு வாசலில் நிற்கும் காவலருக்கு, தொலைபேசியில் ஆலோசனை கேட்க ஒரு சமூகப் பணியாளர் இல்லாவிட்டால், தூக்கிப்போவது அல்லது விட்டுவிடுவது என்ற இரண்டே வழிதான் மிஞ்சும். பிற இனத்தவரோடு பழகும் பயிற்சி, ஊடகங்களுக்குத் தகவல் போவதைத் தடுக்கும் நடைமுறை, டாலாவில் வாழும் ரோமா மக்களின் தேவைகளைக் கணக்கெடுப்பது என்று பட்டியல் நீண்டது.

அப்புறம்

அறிக்கை வந்த அன்றே அமைச்சரும், காவல்துறையின் இடைக்கால ஆணையர் நோரீன் ஓசலிவனும் இரு குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்டார்கள். வெறும் பரிந்துரை செய்யும் பதவியிலிருந்து வந்த ஓர் அறிக்கைக்கு ஓர் அரசு இப்படித் தலைவணங்குவது சாதாரணம் அல்ல. அத்லோன் சிறுவனுக்கு உயர் நீதிமன்றத்தின் வழியாக 60,000 யூரோ இழப்பீடு பின்னர் கிடைத்தது.

தணிக்கை வர நேரம் எடுத்தது. ஜெஃப்ரி ஷானன் என்ற சட்ட நிபுணர் நடத்திய அது 2017இல் வெளியானது. பெரும்பாலும் காவலர்கள் 12ஆம் பிரிவைக் கடைசி வழியாகவே பயன்படுத்துகிறார்கள் என்று கண்டது. இது அவர்களுக்குச் சேர வேண்டிய நற்பெயர், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காவல்துறைக்கும், 2014 ஜனவரியில் குழந்தைகள் நலப் பணியைத் தன் கையில் எடுத்துக்கொண்ட டுஸ்லா அமைப்புக்கும் இடையே ஒத்துழைப்பு மேலோட்டமாகவே இருக்கிறது, அலுவலக நேரத்துக்கு வெளியே சேவை போதவில்லை, பயிற்சி போதவில்லை என்றும் கண்டது. லோகன் தொட்டுக் காட்டிய அதே இடங்கள். இரண்டு குழந்தைகளின் கதையில் தெரிந்த ஓட்டை, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே திறந்திருந்தது. பரிந்துரை செய்யும் அதிகாரத்தின் எல்லை இங்கே தெரிகிறது. மன்னிப்பு ஒரே நாளில் வந்தது, இரவு நேரச் சமூகப் பணியாளர் வர ஆண்டுகள் ஆயின. காரணம், மன்னிப்புக்கு வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்க வேண்டியதில்லை.

ரோமா மக்களின் நிலை பற்றிய தேசிய அளவிலான கணக்கெடுப்பு 2018இல் வந்தது. அயர்லாந்தில் 4,000 முதல் 5,000 ரோமா மக்கள் வாழ்வதாக அது மதிப்பிட்டது.  பொன்னிறக் குழந்தை இருக்கிறது என்று ஒரு செய்தி வந்த உடனே சில மணி நேரத்தில் கண்ணில் பட்டவர்கள், வீடு, வேலை, மருத்துவம் என்ற கணக்குகளில் அதுவரை எங்கேயும் இல்லை.

லோகன் 2014இல் அயர்லாந்தின் மனித உரிமைகள் மற்றும் சமத்துவ ஆணையத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போனார். அவருக்குப் பின் 2015இல் நியால் மல்டூன் குழந்தைகள் குறைதீர்ப்பாளர் ஆனார். அவருக்குக் கிடைத்த மேசையில் பள்ளி, மருத்துவமனை, டுஸ்லா ஆகியவற்றுக்கான சாவி இருந்தது. 42ஆம் பிரிவின் சாவி அந்த விசாரணையோடு அமைச்சரிடமே திரும்பிவிட்டது.